ஹம்முஸ் நல்லதா? தராசு வைத்துச் செய்து பார்த்த பதிவு

வேகவைத்த கொண்டைக்கடலை, தஹினி எனப்படும் எள் விழுது, எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு. ஹம்முஸ் என்பது இவ்வளவுதான். இந்த ஐந்தில் ஒன்றைக்கூடக் கெடுதல் என்று தள்ளிவிட முடியாது. ஆனாலும் எள் விழுது எவ்வளவு, உப்பு எவ்வளவு, மேலே ஊற்றும் எண்ணெய் எவ்வளவு, கையில் எதை வைத்துத் தொட்டு உண்கிறோம் என்பதைப் பொறுத்து ஒருவர் உண்பது 125 கலோரியோடு நிற்கலாம், 550-ஐயும் தாண்டலாம். ஆகவே 'நல்லதா' என்று மொத்தமாகக் கேட்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு படியிலும் நிறுத்து, அளந்து, குறித்துக்கொண்டு செய்து பார்த்தேன்.

காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. நாங்கள் ஷார்ஜாவில் குடியிருக்கிறோம். கணவரின் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது. மாலைத் தேநீருடன் சமோசாவும் மிக்சரும் இனி வேண்டாம் என்று முடிவானபோது, தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் ஹம்முஸைச் சொன்னார்கள். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பாலஸ்தீனத்தின் நாப்லஸ் நகரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. எள் விழுதுக்கும் கருஞ்சீரக விழுதுக்கும் பேர்போன ஊர் அது. அந்த வீட்டுப் பெரியம்மாவைக் கட்டடத்தில் எல்லோரும் 'காலா' என்றே அழைக்கிறோம். செய்முறைக்கு அவர் குரு. கணக்குக்கு என் தராசு.

முதலில் கடையில் வாங்கிய டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். சேர்மானங்களை எடை வரிசையில்தான் அச்சிடுவார்கள். முதலில் இருப்பது அதிகம், கடைசியில் இருப்பது குறைவு. கொண்டைக்கடலை, தண்ணீர், தஹினி, சோயா எண்ணெய், உப்பு, சிட்ரிக் அமிலம், பொட்டாசியம் சோர்பேட் என்று இருந்தது. மூடியில் ஆலிவ் கிளை படம். உள்ளே இருந்தது சோயா எண்ணெய். பொட்டாசியம் சோர்பேட்டைக் கண்டு நான் அஞ்சவில்லை. பூஞ்சை பிடிக்காமல் இருக்க அனுமதிக்கப்பட்ட அளவில் சேர்ப்பது அது. என் கண் நின்றது உப்பில்தான். கடை ஹம்முஸில் 100 கிராமுக்குச் சுமார் 400 மில்லிகிராம் சோடியம் இருப்பது வழக்கம். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். ஆக, 100 கிராமில் ஒரு கிராம் உப்பு. பெரியவர்கள் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சாம்பார், ரசம், ஊறுகாய் எல்லாம் உண்ணும் வீட்டில், மாலைத் தின்பண்டத்துக்காக மட்டும் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, வீட்டுச் செய்முறைக்கு வருகிறேன். காய்ந்த வெள்ளைக் கொண்டைக்கடலை 250 கிராம். பெரிய பெரிய மணியாகப் பளபளப்பவற்றை வாங்க வேண்டாம் என்று காலா தடுத்துவிட்டார். சிறிய மணிகள் சீராக வேகும், நன்றாக மசியும் என்பது அவர் கணக்கு. செய்து பார்த்ததில் அது சரியாகவே இருந்தது. அளவைவிட வயது முக்கியம். சூடும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த கடலை, எத்தனை மணி நேரம் ஊறினாலும் வேக மறுக்கும். வளைகுடாக் கடைகளின் கிடங்கு வெப்பத்தை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை. விற்பனை வேகமாக நடக்கும் கடையில், அண்மைத் தேதி அச்சிட்ட பையைத் தேடி எடுப்பது நல்லது.

ஊற 12 மணி நேரம். கோடையில் பாத்திரத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்குள்தான் வைக்கிறேன்; வெளியே வைத்தால் காலைக்குள் நுரைத்துப் புளித்த வாடை வந்துவிடுகிறது. ஊறிய தண்ணீரைக் கீழே ஊற்றிவிட வேண்டும். ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகள் கொண்டைக்கடலையில் உண்டு. நம் சிறுகுடலால் அவற்றைச் செரிக்க முடியாது. பெருங்குடலின் நுண்ணுயிரிகள் நொதிக்கவைக்கும்போது வாயு உண்டாகிறது. அவற்றில் ஒரு பகுதி ஊறல் தண்ணீரில் கரைந்து வெளியேறுகிறது. கொண்டைக்கடலை ஒத்துக்கொள்ளாது என்று ஒதுக்கியே வைத்திருக்கும் வீடுகளில், இந்தத் தண்ணீரை மாற்றிப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

தண்ணீரைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் மிகப் பெரிய வேறுபாட்டை அங்கேதான் கண்டேன். ஷார்ஜாவில் குழாயில் வருவது கடல்நீரை உப்பு நீக்கித் தரும் தண்ணீர். அதில் கடலை வெண்ணெயாக வெந்தது. விடுமுறைக்கு இராமநாதபுரம் மாவட்டத்தில் அம்மா வீட்டுக்குப் போனபோது, அதே பையிலிருந்து கொண்டுபோன கடலை குக்கரில் எவ்வளவு நேரம் நின்றாலும் நடுவில் ஒரு கடினத்தை விடவே இல்லை. அரைத்தால் ரவை போல நெறுநெறுத்தது. குக்கரின் வாஷரை மாற்றிப் பார்த்தோம், பயன் இல்லை. பிறகு கடலையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஆழ்துளைக் கிணற்று நீரிலும் மறுபாதியைக் கேன் தண்ணீரிலும் ஊறவைத்து, அதே நீரில் வேகவைத்தேன். கேன் தண்ணீர்க் கடலை விரலிடையே நசுங்கியது. கிணற்று நீர்க் கடலை நசுங்கவில்லை. கடின நீரில் உள்ள கால்சியம், கடலையின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடுகிறது. "நம்ம தண்ணீரில் பருப்பே வேகாதே, இது எப்படி வேகும்?" என்றார் அம்மா. அந்த ஊர்ப் பெண்கள் தலைமுறையாக அறிந்ததற்கு வேதியியல் பெயர் கொடுத்ததுதான் என் வேலை.

சமையல் சோடா இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. காரத்தன்மை பெக்டினைத் தளர்த்தும்; தோலும் கழன்றுவிடும். மென்மையான ஹம்முஸுக்குச் சோடாதான் ரகசியம் என்று பலரும் சொல்வது உண்மை. ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. அரைத் தேக்கரண்டி சோடாவில் 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உண்டு. உப்பாகக் கணக்கிட்டால் ஒன்றரை கிராமைத் தாண்டும். கார நீரில் வெந்தால் பி1 வைட்டமினும் அழிகிறது. அதனால் மூன்று விதமாகச் செய்து பார்த்தேன்: சோடா இல்லாமல், ஊறலில் மட்டும் சோடா போட்டு, ஊறலிலும் வேகவைப்பதிலும் போட்டு. மூன்றாவதுதான் மிக மென்மை என்பதில் ஐயமில்லை. ஆனாலும் இரண்டாவதற்கும் அதற்கும் உள்ள இடைவெளி, குபூஸ் என்னும் அரபு ரொட்டியில் தொட்டு உண்ணும்போது நாவுக்குத் தெரியவே இல்லை. எனவே இப்போது ஊறலில் மட்டும் அரைத் தேக்கரண்டி. பிறகு மூன்று முறை நன்றாகக் கழுவி, புதுத் தண்ணீரில் வேகவைக்கிறேன். கடலைக்கு மேல் மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர், முதல் விசில் வந்ததும் சிறு தீ, 25 நிமிடம். குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. கொண்டைக்கடலை நுரைத்துப் பொங்கும். சோடா சேர்ந்தால் இன்னும் பொங்கும். நுரையும் கழன்ற தோலும் ஆவித் துளையில் அடைத்துக்கொண்டால் ஆபத்து. எடுத்த கடலையைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் நசுங்க வேண்டும். சுண்டலுக்கு வேகும் பதம் இதற்குப் போதாது. அதைத் தாண்டிக் குழைய வேண்டும்.

வெந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். ஃபோலேட் போன்ற நீரில் கரையும் சத்துகள் அதில் இறங்கியிருக்கும். அரைக்கும்போது தளர்த்த அதையே பயன்படுத்தலாம். சோடா போட்டு வேகவைப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அந்தத் தண்ணீரில் சோடியம் நிறைய இருக்கும்.

தோலை உரிப்பதா வேண்டாமா? உரித்தால் பளிங்கு போல வழவழப்பாகிறது. ஆனால் நார்ச்சத்தில் ஒரு பங்கு தோலோடு குப்பைக்குப் போகிறது. காலாவிடம் கேட்டேன். "விருந்தாளிக்குத் தோலை எடு, வீட்டுக்கு விடு, ஹபீப்தி" என்றார். எங்கள் வீட்டில் தோலோடுதான். மிக்சியில் இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக ஓட்டினால் போதும்.

அடுத்தது தஹினி. கடையில் கிடைப்பது பெரும்பாலும் தோல் நீக்கிய எள்ளை இளம் சூட்டில் வறுத்து அரைத்த விழுது. எத்தியோப்பியாவின் ஹுமேரா பகுதி வெள்ளை எள்ளில் செய்ததற்கு இந்தப் பகுதியில் தனி மதிப்பு உண்டு. ஊரில் தஹினி கிடைக்காதபோது மளிகைக் கடை வெள்ளை எள்ளை வறுத்து, மிக்சியின் சிறிய ஜாரில் விட்டுவிட்டு ஓட்டி, இரண்டு கரண்டி சூரியகாந்தி எண்ணெய் சேர்த்து அரைத்தேன். நன்றாகவே வந்தது. எள் வெடிக்கும்வரை வறுத்தால் கசப்பு தட்டும். நிறம் மாறத் தொடங்கும்போதே இறக்கிவிட வேண்டும். நல்லெண்ணெயும் எள்தானே என்று அதை ஊற்றிப் பார்க்கலாம் என்றார் அம்மா. நம் செக்கில் கருப்பட்டி சேர்த்து ஆட்டும் எண்ணெய்க்குத் தனி மணம் உண்டு. அது எலுமிச்சையையும் பூண்டையும் அமுக்கிவிடுகிறது. இட்லிப் பொடிக்கு அது அமிர்தம், ஹம்முஸுக்கு வேண்டாம். எள்ளில் உள்ள கால்சியத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அதில் பெரும்பகுதி தோலில், அதுவும் உடம்பு எளிதில் உறிஞ்ச முடியாத ஆக்சலேட் வடிவில் இருக்கிறது. தோல் நீக்கிய தஹினியை நம்பி யாரும் பாலைக் குறைத்துவிட வேண்டாம்.

பூண்டு இரண்டு பல்லை நசுக்கி, 60 மில்லி எலுமிச்சைச் சாற்றில் உப்போடு சேர்த்துப் பத்து நிமிடம் வைத்துவிடுகிறேன். பூண்டின் காரத்தை உண்டாக்கும் நொதியை அமிலம் அடக்குவதால், மணம் நிற்கும், நெடி ஏறாது. இதில் 150 கிராம் தஹினியைச் சேர்த்துக் கலக்கும்போது முதலில் களிமண்ணாக இறுகும். புதிதாகச் செய்பவர்கள் கெட்டுவிட்டது என்று நினைத்து எண்ணெய் ஊற்றுவது இந்த இடத்தில்தான். தேவையில்லை. ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அடித்தால், இறுகியது தளர்ந்து, வெளுத்து, பாலாடை போல் ஆகிறது. வழவழப்பு இந்தத் தண்ணீரால் வருகிறது. இங்கே ஊற்றும் எண்ணெய் கலோரியை மட்டுமே கூட்டும்.

கடலையைச் சூடு ஆறும் முன் அரைத்தால்தான் மையாக மசியும். ஆனால் மூடிய மிக்சி ஜாரில் கொதிக்கும் பொருளைப் போடக் கூடாது. ஆவி அழுத்தத்தில் மூடி தெறிக்கும். கை பொறுக்கும் சூட்டில், நடு மூடியைத் திறந்து துணியால் மூடிக்கொண்டு அரைக்கிறேன். கடலை மசிந்த பிறகே தஹினிக் கலவை. பதம் சற்றுத் தளர்வாக இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும், ஆறும்போது மாவுச்சத்து இறுகித் தானே கெட்டியாகும்.

இனி கணக்கு. 250 கிராம் காய்ந்த கடலை வெந்தபின் 600 கிராம் அளவுக்கு வந்தது. தஹினி, சாறு, ஐஸ் தண்ணீர், 6 கிராம் உப்பு எல்லாம் சேர்ந்து மொத்தம் 900 கிராம். காய்ந்த கடலையில் ஏறக்குறைய 945 கலோரி, தஹினியில் 890. சாற்றையும் சேர்த்தால் 1,850. அதாவது 100 கிராமுக்கு 205 கலோரி, எட்டரை கிராம் புரதம், 11 கிராமை ஒட்டிய கொழுப்பு, 5 கிராமை ஒட்டிய நார்ச்சத்து, 0.7 கிராம் உப்பு. உப்பில் மட்டுமே டப்பாவைவிட மூன்றில் ஒரு பங்கு குறைத்தாயிற்று. பிறகு சீரகத் தூளைக் கூட்டி, உப்பை 4 கிராமுக்கு இறக்கினேன். வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை.

தஹினியைக் குறைத்தால் இன்னும் நல்லதாகுமா என்று பார்க்க, 75 கிராமோடு ஒரு முறை, உணவகங்களின் செழிப்போடு 250 கிராம் சேர்த்து ஒரு முறை செய்தேன். முன்னதில் 100 கிராமுக்கு 175 கலோரி, பின்னதில் 235. தஹினியைப் பாதியாக்கியும் மிச்சமானது 30 கலோரிதான். அந்தக் கிண்ணம் மாவு மாவாக, நாக்கில் ஒட்டியது. அதைச் சரிக்கட்ட எல்லோரும் மேலே எண்ணெய் கேட்டார்கள். ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் 120 கலோரி. மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போய்விட்டது. எள்ளின் கொழுப்பில் ஏழில் ஒரு பங்கு மட்டுமே நிறைவுற்றது; அதைக் கண்டு பயந்து ஹம்முஸின் உயிரையே எடுத்துவிட வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. பருப்பு வகைகளில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் குறைவு. எள்ளில் அது நிறைவாக இருக்கிறது. இட்லி மாவில் உளுந்தும் அரிசியும் ஒன்றின் குறையை ஒன்று ஈடுகட்டுவதுபோல, இங்கே கடலையும் எள்ளும் ஈடுகட்டிக்கொள்கின்றன. 150 கிராமிலேயே நிற்கிறேன். எண்ணெயை மட்டும் புட்டியிலிருந்து ஊற்றாமல் தேக்கரண்டியால் அளந்து விடுகிறேன்.

இதைப் 'புரத உணவு' என்று விற்பதை நான் ஏற்கமாட்டேன். மாலையில் ஒருவர் உண்ணும் 60 கிராமில் 5 கிராம் புரதம் கிடைக்கிறது, 125 கலோரியோடு. ஒரு முட்டையில் 6 கிராம் கிடைக்கும், 75 கலோரிக்குள். ஹம்முஸில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான கலோரி கொழுப்பிலிருந்துதான் வருகிறது. அதன் உண்மையான பெருமை நார்ச்சத்திலும், சர்க்கரையை மெதுவாக ஏற்றும் குணத்திலும் இருக்கிறது. ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு விரைவாக ஏற்றுகிறது என்பதைக் காட்டும் கிளைசெமிக் குறியீடு கொண்டைக்கடலைக்கு 30-ஐ ஒட்டியது; வெள்ளை ரொட்டியுடையது 70-க்கு மேல். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து தேவை. 60 கிராம் ஹம்முஸ் அதில் 3 கிராமைத் தருகிறது. மாலைத் தீனிக்கு அது நல்ல பங்கு.

ஆனால் ஹம்முஸைத் தனியாக யாரும் உண்பதில்லை. இங்கேதான் என் தராசு அதிகம் பேசியது. நான் நிறுத்த நடுத்தரக் குபூஸ் ஒன்று 80 கிராம். மைதா ரொட்டி, 220 கலோரி. ஹம்முஸைவிட அதைத் தொட்டு உண்ணும் ரொட்டி கனமாக இருக்கிறது. உருளைக்கிழங்கு சிப்ஸைத் தொட்டு உண்பவர்களும் இருக்கிறார்கள். 100 கிராம் சிப்ஸ் 540 கலோரி அளவு, அதில் உப்பும் தனி. அதே 60 கிராம் ஹம்முஸை ஒரு முழு வெள்ளரிக்காயோடும் ஒரு கேரட்டோடும் உண்டால், மொத்தம் 200 கலோரிக்குள் முடிந்துவிடுகிறது, வயிறும் நிறைகிறது. கணவர் குளுக்கோமீட்டரில் இரண்டு விதத்தையும் வெவ்வேறு மாலைகளில் பார்த்தார். குபூஸ் உண்ட மாலைகளில் அளவு தெளிவாக ஏறியது. காய்கறியோடு உண்டபோது ஏற்றம் மிகச் சிறியது. ஒருவரின் விரல்நுனி ரத்தம் மருத்துவச் சான்று ஆகாது. எங்கள் வீட்டு மேசையில் எதை வைப்பது என்று முடிவு செய்ய மட்டும் அது போதுமானதாக இருந்தது.

காய்கறியோடு என்று சொன்னதும் காலா முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. நாப்லஸில் ஹம்முஸ் என்பது காலை உணவு. மிஞ்சிப்போனால் மதிய உணவு. சுடச்சுட ஒரு தட்டு, நடுவில் குழித்து முழுக் கடலையும் எலுமிச்சையும் பச்சைமிளகாயும் கலந்த சாறு, பக்கத்தில் பச்சை வெங்காயம், தக்காளி, ஊறுகாய்க் காய்கள். அதை உண்டு வேலைக்குப் போனால் மதியம்வரை பசி வராது. "இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே இதை ஏன் உண்கிறீர்கள்?" என்று உண்மையாகவே வியந்து கேட்டார். எனக்கு இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் தெளிவாக்கியது. சாப்பாடாக உருவான ஒரு பண்டத்தை, சாப்பாட்டுக்கு மேலே கூடுதலாக நொறுக்குத் தீனி என்று வைத்தால் உடம்பு அதையும் சாப்பாடாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். மாலையில் ஹம்முஸும் காய்கறியும் உண்டால் இரவுச் சாப்பாட்டில் ஒரு சப்பாத்தியைக் குறைக்கிறோம். சில வார இறுதிகளில் காலை உணவே அதுதான். அன்று குபூஸும் உண்டு, முழுக்கோதுமையில் செய்தது, பாதி மட்டும்.

அப்படியானால் நம் சுண்டல்? இதைக் கேட்காமல் எந்தத் தமிழ் வீட்டிலும் இந்தப் பேச்சு முடியாது. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 164 கலோரி, கிட்டத்தட்ட 9 கிராம் புரதம், ஏழரை கிராம் நார்ச்சத்து. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, தேங்காயை அளவாகத் தூவினால், மாலைத் தீனி என்ற வகையில் சுண்டலே ஹம்முஸுக்கு முன்னால் நிற்கிறது. மென்று உண்ண வேண்டியிருப்பதால் கையும் மெதுவாகப் போகிறது. ஹம்முஸ் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், எவ்வளவு உண்டோம் என்று தெரியாது. ஹம்முஸ் வெல்லும் இடம் வேறு. பச்சைக் காய்கறியைத் தொடவே தொடாத எங்கள் மகன் அதற்காகவே குடைமிளகாயும் முள்ளங்கியும் உண்கிறான். சாண்ட்விச்சில் மயோனைஸ் இருந்த இடத்தை இது பிடித்துக்கொண்டது. மயோனைஸ் 100 கிராமுக்கு 680 கலோரியை ஒட்டியது, நார்ச்சத்து துளியும் இல்லை. இந்த இரண்டுக்காக மட்டுமே நான் அதைத் தொடர்ந்து செய்வேன்.

கறுப்புக் கொண்டைக்கடலையிலும் செய்தேன். தோல் தடிப்பு, நார் அதிகம், நிறம் மண் பழுப்பு. வேக இன்னும் பத்து நிமிடம் கூடுதலாகப் பிடித்தது. காலா ஒரு வாய் உண்டுவிட்டு, "நன்றாக இருக்கிறது, ஆனால் இது ஹம்முஸ் இல்லை" என்றார். இரண்டும் உண்மை. எலுமிச்சையைக் கூட்டி, கொத்தமல்லித் தழையோடு அரைத்துச் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருக்கிறேன்.

தேநீர் விஷயத்தில் ஒரு மாற்றம் செய்தோம். கொண்டைக்கடலையில் இரும்புச் சத்து உண்டு. எலுமிச்சையின் வைட்டமின் சி அதை உடம்பு உறிஞ்ச உதவுகிறது. ஆனால் தேநீரின் டானின் அதையே தடுக்கிறது. ரத்தசோகை உள்ள பெண்கள் நிறைந்த நம் வீடுகளில் மாலைத் தீனியும் தேநீரும் ஒன்றாகவே மேசைக்கு வருகின்றன. இப்போது தேநீரை முதலில் குடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து ஹம்முஸ்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. எள் ஒவ்வாமை கடுமையானது. ஐரோப்பாவில் எள் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருட்களில் ஒன்று, அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் அது ஒன்பதாவது பெரிய ஒவ்வாமைப் பொருள். வீட்டுக்கு வரும் குழந்தைகளின் பெற்றோரிடம் கேட்காமல் நான் பரிமாறுவதில்லை. குடல் எளிதில் உப்பிக்கொள்பவர்கள் ஒரு மேசைக்கரண்டியில் தொடங்கலாம். சிறுநீரக நோய்க்காகப் பொட்டாசியத்தையும் பாஸ்பரஸையும் கட்டுப்படுத்துபவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே உண்ண வேண்டும்.

சேமிப்பு: ஆறியதும் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில், தலா 60 கிராம் நிறுத்து, குளிர்சாதனப் பெட்டியின் உள்பக்கத்தில் வைக்கிறேன். பெரிய கிண்ணமாக மேசையில் வைத்தால் அளவு நிற்காது, ஆளாளுக்குக் கரண்டி போடுவதால் விரைவில் கெடும். பதப்படுத்தும் பொருள் எதுவும் இல்லாததால் நான்கு நாளுக்கு மேல் வைப்பதில்லை. வெளியே இரண்டு மணி நேரம்தான் எல்லை. இங்கே கோடையில் பூங்காவுக்குக் கொண்டுபோனால் ஒரு மணி நேரம். 250 கிராம் கடலை எங்களுக்கு நான்கு நாளில் தீராது என்பதால், வெந்த கடலையில் பாதியை அரைக்காமல் உறைபெட்டியில் போட்டுவிடுகிறேன். அடுத்த முறை கொதிநீரில் ஐந்து நிமிடம் விட்டு எடுத்து, 75 கிராம் தஹினியோடு அரைத்தால் புதிதாகச் செய்ததற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. நான்காம் நாள் குப்பி மிஞ்சினால் எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் விட்டுத் தளர்த்தி, வெள்ளரி, தக்காளி சாலட்டின் மேல் ஊற்றி அன்றே முடித்துவிடுகிறோம்.